நிலவறையும் நீர்வழியும்



பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வாழ்க்கையில் ஒரு கட்டம் வருகிறது. வாடகை வீடுகளில் பல ஆண்டுகள் கழிந்த பின், பிள்ளைகள் அவ்வூர் மொழியைத் தாய்மொழிபோலப் பேசத் தொடங்கிய பின், "இனி இங்கேயே ஒரு கூரை எழுப்பிக்கொள்வோம்" என்று தோன்றும் கட்டம் அது. அப்படி வீடு கட்டுவோர் அனைவரும் அறைகளின் அளவையும் சன்னலின் அழகையும் சமையலறை மேடையின் உயரத்தையும் பற்றிப் பலநாள் ஆலோசிப்பார்கள். மண்ணுக்குள் மறையப் போகும் பகுதியைப் பற்றி ஆலோசிப்பவர் சிலரே. இன்று நான் பேச வந்தது அந்த மறையும் பகுதியைப் பற்றித்தான். தரைக்குக் கீழே கட்டும் நிலவறையில் ஈரம் ஏன் புகுகிறது, அதை எப்படித் தடுப்பது, தடுக்கத் தவறியவர் எப்படித் திருத்திக்கொள்வது என்பதே இன்றைய பொருள்.

நான் பொறியாளன் அல்லன், கலைப் பட்டதாரி. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். கட்டடக் கலையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானே பிழை செய்து, அந்தப் பிழைக்கு விலையும் கொடுத்தேன் என்பது ஒன்றுதான்.

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் இருப்புப்பாதையில் சிஞ்ச்வடுக்கு அடுத்த நிலையம் ஆகுர்டி. கண்டோபா கோயிலும் பஜாஜ் ஆட்டோ நிறுவனத்தின் தலைமையகமும் இவ்வூருக்கு அடையாளங்கள். 1954-இல் அருகிலுள்ள பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை தோன்றியதிலிருந்து இந்த வட்டாரம் தொழில் நகராக வளர்ந்தது; நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தனர். 1972-இல் புதுநகர் வளர்ச்சிக்கென ஓர் ஆணையம் அமைந்து மனைகள் வகுக்கப்பட்டன. அத்தகைய சிறு மனை ஒன்றில்தான் 2021-ஆம் ஆண்டு நான் வீடு கட்டினேன்.

மனை சிறிது; பொருளோ அதிகம். என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். அவர் சேர்த்த தமிழ் நூல்கள் நான்கு மரப்பெட்டிகளில் எங்களோடு வாடகை வீடு வாடகை வீடாக அலைந்துகொண்டிருந்தன. அவற்றை வைக்கவும் தட்டுமுட்டுச் சாமான்களைப் போடவும் தரைக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தால் நலம் என்று கருதினேன். என் தாயார் மட்டும் தயங்கினார். "நம் பக்கத்தில் வெள்ளத்துக்குப் பயந்து ஐந்து படி ஏற்றி வீடு கட்டுவார்கள். நீ பள்ளத்தில் இறக்கிக் கட்டுகிறாயே, அப்பா!" என்றார். "அம்மா, சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, புனேயில் ஏறத்தாழ அதில் பாதிதான். அடியிலோ கருங்கல் பாறை. இங்கே தண்ணீருக்கு என்ன பயம்?" என்று நான் விடை சொன்னேன். அந்த விடையில் இருந்த பிழையை விளக்கத்தான் இந்தப் பேச்சு முழுவதும் தேவைப்படுகிறது.

2022-ஆம் ஆண்டு ஆடி மாதம். வீடு புகுந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. நிலவறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை படர்ந்தது. அதன் விளிம்பில் வெண்மையான உப்பு பூத்தது. ஒப்பந்தக்காரரை அழைத்தேன். "புது வீடு அல்லவா? சிமெண்டில் உள்ள ஈரம் வெளியேறுகிறது, ஓராண்டில் காய்ந்துவிடும்" என்று சொல்லி, உட்புறம் நீர்த்தடுப்புச் சாயம் ஒன்றைப் பூசிக் கொடுத்தார். கோடையில் சுவர் காய்ந்தது, நானும் நம்பினேன். அடுத்த ஆண்டு மழையில் அந்தச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழுந்து உரிந்தது. சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் தண்ணீர் கசிந்து நின்றது. பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது கீழே இருந்த இரண்டு பெட்டிகளில் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. என் தந்தையார் பக்க ஓரங்களில் மசியால் எழுதிய குறிப்புகள் நீலக் கறைகளாகக் கரைந்திருந்தன. நூல்களிற் சில மறுபடி அச்சில் கிடைக்கலாம். அந்தக் குறிப்புகள் கிடைக்கமாட்டா.

நேயர்களே, நிலவறையில் காணும் ஈரமெல்லாம் ஓரினம் அன்று. மூன்று வகை உண்டு. வகை தெரியாமல் மருந்திடுவது, நோய் தெரியாமல் மருந்திடுவதற்கு ஒப்பாகும்.

முதலாவது, மண்ணில் தேங்கிய நீர் அழுத்தத்தால் உட்புகுவது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் நீர், அந்த ஆழத்தில் சதுர மீட்டர் ஒன்றுக்கு 1000 கிலோகிராம் எடை ஏற்றினாற்போலச் சுவரை அழுத்துகிறது. சிறிய துளையும் மெல்லிய பிளவும் அதற்குப் போதுமான வாயில்கள். இரண்டாவது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கல், காறை இவற்றின் நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறுவது. இதற்கு நீர் தேங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. மண் ஈரமாக இருந்தாலே போதும். மூன்றாவது, காற்றில் உள்ள ஈரம். மழைக்காலத்து ஈரக்காற்று நிலவறைக்குள் புகுந்து தங்கிவிட்டால், மண்ணை ஒட்டிய குளிர்ந்த சுவரின் அருகே அதன் ஈரப்பதம் இன்னும் உயரும். நீர்த்துளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்புறம், அதாவது அறையை நோக்கிய பக்கம் ஈரம் படிந்தால் அது காற்றிலிருந்து வந்தது. தாளுக்குப் பின்னால், சுவரை நோக்கிய பக்கம் துளிகள் நின்றால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது. வெண்மையான உப்புப் பூத்தலும் சுவருக்குள்ளிருந்து நீர் வருவதையே காட்டும்; சுவரிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், மேற்பரப்பில் ஆவியாகி உப்பை விட்டுச் செல்கிறது.

குளிர்நாடுகளில் நிலவறைச் சுவரின் வெளிப்புறத்தில் வெப்பம் கடத்தாத நுரைப் பலகைகளைப் பொருத்துகிறார்கள். அங்கே வீட்டின் வெப்பம் மண்ணுக்குள் இழக்கப்படுவது பெருங்கவலை. பலகைகளுக்கு இடையே சந்து விட்டால் அந்த இடத்தில் சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும். நம் நாட்டின் பெரும்பகுதிக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு நீரே முதற்பகை. ஆனால் ஒரு பாடம் இரு இடத்துக்கும் பொது. காப்பு எதுவாயினும் அது சுவரின் வெளிப்புறத்தில், இடைவெளியின்றி இருக்க வேண்டும். ஈரச் சுவரின் உட்புறத்தில் பலகையோ ஓடோ பதித்து மறைத்தால், நோய் ஆடையுடுத்திக்கொள்ளுமேயன்றித் தீராது.

இரண்டாவது மழைக்குப் பின், அயலார் ஒருவர் முதிய மராத்தியக் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தார். கொத்தனாரை இங்கே 'கவண்டி' என்பார்கள். ஈரத்துக்கு 'ஓல்' என்று பெயர். அவர் நிலவறைக்குள் இறங்கவே இல்லை. வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். நான் பெருமையோடு காட்டினேன். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நினைவிற்கொண்டு, நானே விரும்பி ஒரு சேமிப்புக் குழி அமைத்திருந்தேன். அது நிலவறைச் சுவரிலிருந்து மூன்றடித் தொலைவில் இருந்தது! மனையில் வேறு இடத்தை வண்டி நிறுத்தவும் துளசி மாடத்துக்கும் ஒதுக்கிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாண்யாலா வாட் த்யா" என்றார். 'தண்ணீருக்கு வழி கொடுங்கள்' என்பது அதன் பொருள்.

பிறகு அவர் விளக்கியதை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். என் மாடி 100 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5000 லிட்டர் நீரை நான் என் கையாலேயே நிலவறைச் சுவரின் அருகில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மழைநீர்ச் சேமிப்பு தவறன்று. சேமித்த இடமே தவறு.

நான் நம்பியிருந்த பாறையே எனக்குப் பகையாயிற்று. இந்த வட்டாரம் தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையின் மேல் அமைந்தது. மேலே கரிசல் மண். அதன் கீழே பாறை சிதைந்த 'முரும்' என்னும் பருக்கைமண். அதன் கீழே கெட்டிப்பாறை. முருமில் இறங்கும் மழைநீர் பாறையை எட்டியதும் மேலும் இறங்க இயலாமல் அதன் மேற்பரப்பிலேயே பக்கவாட்டில் நகர்கிறது. அந்தப் பாறையைக் குடைந்து நிலவறைக்குக் குழி தோண்டினால், தோண்டியது குழியன்று, கிண்ணம். கிண்ணத்துக்குள் பெட்டியை வைத்துச் சுற்றிலும் தளர்ந்த மண்ணைப் போட்டால், நாற்புறத்து நீரும் அங்கே வந்து சேரும். வெளியேற வழி இராது. ஆண்டு மழை குறைவு என்பதால் பயனில்லை. நான்கு மாதத்தில் வரும் மழை ஒரு கிண்ணத்தை நிரப்பப் போதாதா?

ஒப்பந்தக்காரரிடம் மீண்டும் சென்றேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். நிலவறைச் சுவருக்கு 'டாம்ப் புரூஃபிங்' செய்யப்படும் என்று எழுதியிருந்தது. 'வாட்டர் புரூஃபிங்' என்ற சொல் எங்குமே இல்லை. முன்னது ஈரத்தடுப்பு, திரியில் ஏறும் எண்ணெய்போல ஏறும் ஈரத்தை மட்டும் தடுப்பது. பின்னது நீர்த்தடுப்பு, அழுத்தத்தோடு வரும் நீரைத் தாங்குவது. அவர் வெளிச்சுவரில் ஒருமுறை தார் பூசியிருந்தார். எழுதியதை எழுதியவாறே செய்துவிட்டார். கையெழுத்திடும் முன் அந்த ஒப்பந்தத்தைப் படித்து, என் தாயாருக்கு இரண்டையும் ஒரே சொல்லால், 'நீர் புகாமல் செய்வது' என்று தமிழாக்கிச் சொன்னவன் நான். சொற்களின் வேறுபாட்டை அறிந்து சோறு உண்பவன், தன் வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைக் கோட்டைவிட்டேன். ஆயினும் அவர் பக்கமும் குறையில்லாமல் இல்லை. தோண்டிப் பார்த்தபோது, கல்லும் உடைந்த செங்கல்லும் சிமெண்டுச் சாக்குகளும் கலந்த குப்பையே சுவரை ஒட்டிக் கொட்டப்பட்டிருந்தது. கூரிய கற்கள் தார்ப் பூச்சைப் பல இடங்களில் கிழித்திருந்தன.

புதிதாகக் கட்டுவோர் கவனிக்க வேண்டியவற்றை இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நிலவறை வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள். அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு நகராட்சி விதிகள் உண்டு. வரைபடத்துக்கு ஒப்புதல் பெறும்போதே கேட்டுத் தெளியுங்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் மனையில் சோதனைக் குழி ஒன்று தோண்டி, நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பது மிக நன்று. கோடையில் காய்ந்து கிடக்கும் குழி மழைக்காலத்து உண்மையைச் சொல்லாது.

இரண்டாவது, நீருக்கு வழி. நிலவறையின் அடித்தளத்தைச் சுற்றித் துளையிட்ட குழாய் பதித்து, வடிதுணி சுற்றி, சல்லி நிரப்பி, சரிவாகக் கொண்டுபோய்த் தாழ்ந்த இடத்தில் விடவேண்டும். தாழ்ந்த இடம் இல்லையென்றால் ஒரு கிணற்றுத் தொட்டியில் சேர்த்து மோட்டாரால் இறைக்கவேண்டும். மூடிய நீர்வழிக்குப் பழந்தமிழில் 'சுருங்கை' என்ற அழகிய சொல் உண்டு. அந்தச் சுருங்கைதான் இது.

மூன்றாவது, நீருக்குத் தடை. மேற்கிந்தியாவில் வழக்கிலுள்ள முறை, ஷாஹாபாத் கல்லால் பெட்டிபோல அமைப்பது. கர்நாடகத்து ஷாஹாபாதிலிருந்து வரும் இந்தக் கல்லை நம் ஊர்க் கடப்பைக் கல்லுக்கு ஒப்பிடலாம். தளக் கான்கிரீட் போடும் முன் கீழே இக்கற்களைப் பரப்பி, இடுக்குகளை நீர்த்தடுப்பு மருந்து கலந்த சாந்தால் அடைப்பார்கள். சுவர் எழுந்தபின் அதன் வெளிப்புறத்தில் சிறு இடைவெளி விட்டுக் கற்களை நிறுத்தி, அந்த இடைவெளியில் சிமெண்டுக் கரைசலை நிரப்புவார்கள். இக்காலத்தில் ஒட்டும் படலங்களும் வந்துள்ளன. எதுவாயினும் அடியிலும் பக்கங்களிலும் தொடர்ச்சி அறாமல் இருக்கவேண்டும். கட்டடங்களில் ஈரத்தடுப்பு, நீர்த்தடுப்பு ஆகியவற்றுக்கென இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 3067 என்ற நெறிமுறையே உண்டு. அதன் எண்ணை ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள்.

நான்காவது, நீர் விரும்பும் இடங்கள். தரையும் சுவரும் சந்திக்கும் மூலை, குழாய்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம், பலகை அடைப்பை இறுக்கிய கம்பிகளின் துளை, சரியாக இறுகாமல் தேனடைபோல நின்ற கான்கிரீட், இந்த நான்கும் அவை. தரைக்கும் சுவருக்கும் இடையே நீர்நிறுத்துப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்கு நீராற்றுதல் குறைந்தது 7 நாள். கலப்பு சிமெண்டாயின் 10 நாள். வறண்ட கோடையில் 14 நாள் வரை வேண்டும். நீருக்குச் சிக்கனம் பார்த்து இதைக் குறைப்பவர், பின்னாளில் நீரையே விருந்தாளியாகப் பெறுவார்.

ஐந்தாவது, சுற்றிலும் போடும் மண். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும்; அது ஆகாது. குப்பையும் ஆகாது. நல்ல முருமை அரையடி அரையடியாகப் போட்டு நனைத்து இடிக்கவேண்டும். மேல்தரை வீட்டைவிட்டு விலகிச் சரியவேண்டும். மழைநீர்க் குழியைச் சுவரிலிருந்து இயன்றவரை தொலைவில், நிலம் தாழ்ந்த பக்கத்தில் வையுங்கள்.

இவை அனைத்தையும் மண் மூடுவதற்கு முன் நேரில் நின்று பாருங்கள். நிழற்படம் எடுத்து நாளிட்டு வையுங்கள். மூடிய பின் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.

ஏற்கெனவே பிழைபட்ட வீட்டுக்கு வழி என்ன? நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மாடி நீரைத் திருப்பி, பழைய குழியை மூடி, மனையின் தாழ்ந்த மூலையில் புதுக்குழி எடுத்தோம். அந்த ஒன்றிலேயே கசிவு பாதி குறைந்தது. ஆகவே செலவில்லாத மருந்தை முதலில் செய்யுங்கள். பின்பு கோடையில், சுவருக்கு வெளியே மண்ணைச் சிறு சிறு பகுதியாக அகழ்ந்தோம். ஒரே வீச்சில் அகழ்ந்தால் சுவருக்குக் கேடு வரலாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் மேற்பார்வை இதற்கு இன்றியமையாதது. சுவரைக் கழுவி, துளைகளை அடைத்து, நீர்த்தடுப்புப் படலமும் அதன்மேல் காப்பும் இட்டு, சுருங்கை பதித்து, முருமால் மூடினோம். இறுதியில்தான் உட்புறம் வந்து, உப்பேறிய காறையைக் கொத்தி எடுத்துச் சுவரை நன்கு காயவிட்டோம். உட்புறப் பூச்சை மட்டும் நம்பியது ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கும். வெளியிலிருந்து தள்ளும் நீர், உட்பூச்சைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தள்ளிவிடுகிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அடுக்ககமோ வீடோ கட்டி விற்பவரிடம் வாங்கியிருந்தால், 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு துணைநிற்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றித் திருத்தித் தரவேண்டும். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கட்டுவோர்க்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பந்தமே அரண். நிலவறைக்கு 'நீர்த்தடுப்பு' என்ற சொல்லும், இரண்டு மழைக்காலமேனும் கசியாதிருக்கும் பொறுப்பும், அதுவரை ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைக்கும் உரிமையும் அதில் எழுத்தில் இருக்கவேண்டும். வேலையில் குறைபாடு இருப்பின் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொதுவாக இரண்டாண்டுக்குள் அணுகவேண்டும். "ஓராண்டில் காய்ந்துவிடும்" என்ற ஆறுதல் மொழியைக் கேட்டு அந்தக் காலத்தைக் கழித்துவிடாதீர்கள்.

எங்கள் தஞ்சைத் தரணியில் ஏரி வெட்டியவர்கள் கரையை மட்டும் கட்டி நிறுத்தவில்லை. எஞ்சிய நீர் செல்லக் கலிங்கு ஒன்றையும் வைத்தார்கள். கலிங்கு இல்லாத ஏரிக்கரை எவ்வளவு உறுதியாயினும் ஒருநாள் உடையும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. அதே உண்மையைத்தான் ஆகுர்டியில் ஒரு முதிய கொத்தனார் மூன்று மராத்திச் சொற்களில் எனக்குச் சொன்னார். தண்ணீரை எதிர்த்து நிற்பதற்கு முன் அதற்குப் போக வழி கொடுக்கவேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் என் நிலவறைத் தரை காய்ந்திருந்தது. ஆனாலும் எஞ்சிய இரண்டு பெட்டிகளும் இப்போது மாடியில், என் தாயாரின் அறையில் இருக்கின்றன. அவற்றைக் கீழே கொண்டுபோகலாமா என்று நான் கேட்டேன். "அது கிடக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்" என்றார். நான் மறுக்கவில்லை.